எட்டரை மணி மழை

மழையைச் சரியாகச் சொல்ல ஒரு கணினி நிரலைப் பழக்குவதுதான் என் வேலை என்றால் கடலூரில் யாரும் சட்டென்று நம்புவதில்லை. "அப்ப நாளைக்கு மழ வருமா?" என்பார்கள். தெரியாது என்பேன். "பின்ன என்னா வேல அது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். அதைக் கேட்க எனக்கு வாய்க்கிறவர்களும் மாதத்துக்கு ஒருவர்தான். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், பல் டாக்டர், எப்போதாவது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். வயது நாற்பத்தேழு. கணவரும் நானும் பிரிந்துவிட்டோம். குழந்தைகள் இல்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனதும் சென்னையை விட்டுப் பிறந்த ஊருக்கு வந்துவிட்டேன். பிறந்த ஊர் ஒன்றும் எனக்காக ஏங்கிக்கொண்டிருக்கவில்லை. கூடப் படித்தவர்களுக்குக் கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்னோடு பேச விஷயம் இல்லை. கீழ்வீட்டுக்காரர்கள் புதுச்சேரிக்குக் குடிபோய்விட்டார்கள். கேட்டைப் பூட்டுகிறதும் நான், திறக்கிறதும் நான். சில நாள் சாயங்காலம் கடைக்குப் போய் இட்லி மாவு கேட்க வாயைத் திறந்தால் குரல் கட்டியிருக்கும்.

ஆனால் காலை எட்டரை மணிக்கு ஒரு போன் வரும். அதைச் சொல்லத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். நாள் முழுவதிலும் எனக்கென்று வருகிற ஒரே மனிதக் குரல் அது. அதை இழக்க எனக்கு மனமில்லை. இந்தக் கதையில் நான் செய்த எல்லா முட்டாள்தனத்துக்கும் அதுதான் காரணம்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம். உலகம் முழுவதற்கும் மழை சொல்கிற பெரிய கணிப்புகள் பூமியைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டு ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரே எண்ணைத்தான் தரும். எங்கள் பக்கத்துச் சதுரத்தில் பாதி கடல். கிள்ளையில் கொட்டுகிற மழை சிதம்பரத்தில் தூறலாகக்கூட இருக்காது, சதுரத்துக்கு அது தெரியாது. ஆகவே எங்கள் நிரல் ஒரு காரியம் செய்கிறது. இந்த ஊருக்குப் பெரிய கணிப்பு இதுவரை என்ன சொன்னது, உண்மையில் எவ்வளவு பெய்தது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பழகிக்கொள்கிறது. கால் கிலோ கூடக் காட்டுகிற தராசு என்று தெரிந்துவிட்டால் நாமே கழித்துக்கொள்ள மாட்டோமா, அந்த மாதிரி. என்ன, கழிக்க வேண்டியது காற்றுக்குக் காற்று மாறும், மாதத்துக்கு மாதம் மாறும். மனிதமூளைக்குக் கட்டுப்படாது. நிரலுக்குக் கட்டுப்படும், உண்மையான எண்ணைக் கொடுத்தால்.

அந்த உண்மையான எண்ணுக்குத்தான் ஆட்கள் வேண்டும். நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு கரும்பு விவசாயி, குறிஞ்சிப்பாடியில் ஒரு பள்ளி ஆசிரியை, சிதம்பரம் கோயிலுக்கு அருகே மொட்டைமாடி வைத்திருக்கும் ஒரு வீட்டார், கிள்ளைக்குப் போகிற வழியில் ஒரு கிராமத்தில் நெல் பயிரிடுகிறவர். ஆளுக்கொரு மழைமானி கொடுத்திருந்தோம். மேலே புனல், உள்ளே மில்லிமீட்டர் கோடு போட்ட குழாய். காலை எட்டரைக்கு அளந்து சொல்ல வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் பூஜ்யம் என்று சொல்ல வேண்டும். சாயங்காலம் நான் மறுநாள் மழையைக் கணித்து அவர்களுக்கும் அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். மறுநாள் காலை அவர்கள் அளவு வரும். என் முகத்தில் கரியா சந்தனமா என்று தெரியும்.

மூன்று பேர் எண்ணை மட்டும் அனுப்புவார்கள். நெல் விவசாயி மட்டும் கூப்பிடுவார். "அதுல எனக்கு வெரல் சரியா படல மேடம், பேசியே சொல்லிடறேன்" என்றார் முதல் வாரத்தில். அவரும் எடுத்த எடுப்பில் எண்ணைச் சொல்ல மாட்டார். அந்தப் பக்கத்தில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். வந்த காரியத்தை முதலில் சொல்வது மரியாதை இல்லை.

"சாப்ட்டீங்களா மேடம்?"

"இன்னும் இல்லைங்க."

"மணி எட்டர ஆவுது, இன்னும் சாப்புடாம என்னா பண்றீங்க. ஒடம்பு நல்லாருக்குதா?"

அதற்கு நான் ஏதாவது பதில் சொல்வேன். கேட்டுக்கொள்வார். அப்புறம்தான் மழை. நான் முதலில் இதைப் பொறுத்துக்கொண்டேன், பிறகு எதிர்பார்த்தேன், ஆறு மாதத்தில் எட்டு இருபதுக்கே போனைச் சார்ஜரிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். பால் திரிந்ததையும் முதுகு வலியையும் சொல்வேன். நீதிமன்றத்திலிருந்து விவாகரத்துத் தீர்ப்பு தபாலில் வந்ததைக்கூட அவரிடம்தான் முதலில் சொன்னேன். முகம் பார்க்காத ஒருவரிடம். "விடுங்க மேடம், எல்லாம் சரியாப் பூடும்" என்றார். வேறு யாராவது அதைச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

இரண்டாவது மழைக்காலம் முடிகிற சமயத்தில் நான் மிகவும் பெருமையோடு ஒரு வரைபடம் போட்டேன். நான்கு இடங்களில் மூன்றில் எங்கள் கணிப்பு சுமார். கிள்ளைப் பக்கத்தில் மட்டும் அபாரம். கடலோரம், ரொம்பவும் கஷ்டமான இடம், அங்கே பத்து என்றால் பத்தை ஒட்டியே பெய்திருக்கிறது. சென்னையிலிருக்கும் எங்கள் குழுத்தலைவர் என்னைவிடப் பத்து வயது சிறியவர். திரையில் கிள்ளைக் கோட்டை மட்டும் இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தார்.

"மேம், இது ரொம்ப நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு. விடை எங்கேயோ லீக் ஆகுது, பாருங்க."

எங்கள் தொழிலில் இது பெரிய அவமானம். பரீட்சைக்கு வரப்போகிற விடையை நிரல் முன்கூட்டியே பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்த மாதிரி எழுதுவது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருபது வருஷம் இந்த வேலை பார்த்தவளிடம் வந்து லீக் என்கிறானே என்று. ஒரு வாரம் உட்கார்ந்து வரிவரியாகத் தேடினேன். நிரலில் ஓட்டை இல்லை. ஒரு கமாகூடத் தப்பாக இல்லை.

அப்புறம்தான் பெயின்ட் டப்பா ஞாபகம் வந்தது. ஐப்பசியில் ஒரு நாள் கிள்ளைப் பக்கத்திலிருந்து வேறொரு விவசாயி வாட்ஸ்அப்பில் என்னை வறுத்திருந்தார். "உங்க மழை இருபது, எங்க வயல்ல முழங்கால்" என்று எழுதி, முற்றத்தில் கிடந்த ஒரு காலி பெயின்ட் டப்பாவின் படத்தையும் போட்டிருந்தார். உள்ளே மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர். அடித்த உரமெல்லாம் போச்சு என்றும் எழுதியிருந்தார். எங்கள் மானி இருபத்திரண்டு காட்டுகிறது, டப்பாவை நம்பி நாங்கள் வேலை செய்வதில்லை என்று நான் பதில் போட்டிருந்தேன். திமிர். இப்போது அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நேரான டப்பா. வெட்டவெளி. மூன்று விரல் என்றால் ஐம்பது மில்லிமீட்டர். அதைவிட நல்ல மழைமானி வேறென்ன வேண்டும்?

ஓட்டை நிரலில் இல்லை. சாயங்காலம் நான் அனுப்பிய கணிப்பு அவர் கைக்குப் போகிறது, காலையில் அதுவே கொஞ்சம் வேஷம் மாற்றிக்கொண்டு மழை அளவாக என்னிடம் திரும்பி வருகிறது. அந்த ஊருக்குத் தான் சொன்னது சரி என்று நிரல் நம்பியது. கடலோரப் பெருமழையைக் குறைத்துக் குறைத்துச் சொன்னது. என்னிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்கிற ஒரே மனிதர் எனக்குப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

குழுத்தலைவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா? அவர் தயங்கவே இல்லை. "அவர எடுத்துடலாம் மேம். தானா அளக்கிற மானி ஒண்ணு வச்சிடலாம், ஆளே வேணாம். திங்கட்கிழமை முடிச்சிடுங்க." சரி என்றேன். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் போய் நின்றேன். திங்கட்கிழமைக்கு அப்புறம் எட்டரை மணிக்கு நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. பொய் சொன்னவர்மேல் வர வேண்டிய கோபத்தை இந்தப் பயம் வந்து மறித்துக்கொண்டு நிற்கிறதே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

சனிக்கிழமை காலை சிதம்பரம் பஸ் ஏறினேன். எட்டரைக்கு அவர் கூப்பிட்டபோது பஸ் ஆலப்பாக்கத்தைத் தாண்டியிருந்தது. போனை எடுக்கவில்லை. ஒன்றரை வருஷத்தில் முதல் முறை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு காபி குடித்துவிட்டு, கிள்ளை டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து, என்ன பேச வேண்டும் என்று வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்தேன். வழியெல்லாம் மார்கழி வயல். கதிர் வாங்கி நிற்கும் நெல், அங்கங்கே சாய்ந்து தண்ணீரில் கிடந்த நெல். சாய்ந்து கிடந்ததில் எதற்கெல்லாம் என் கணிப்பு காரணமோ என்று நினைக்க நினைக்கக் கோபம் திரும்ப வந்தது. எனக்கு அது நல்லதாகவே இருந்தது.

வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். ஓட்டு வீடு, முன்பக்கம் சிமென்ட் தளம், பக்கத்தில் முள்வேலி போட்டு நடுவில் எங்கள் மழைமானி. மானி துடைத்துப் பளிச்சென்று இருந்தது. ஐம்பத்தைந்து வயது இருக்கும் ஒருவர் லுங்கியோடு வெளியே வந்தார். நான் யார் என்று குரலிலேயே தெரிந்துவிட்டது அவருக்கு. அவசரமாக உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"மேடம், வாங்க மேடம். போன் எடுக்கலியேன்னு பயந்துட்டேன். ஒக்காருங்க. சாப்ட்டீங்களா?"

"மழைய மாத்திச் சொல்ல நீங்க யாருங்க?" என்றேன்.

நின்றபடியே கத்தினேன். பெயின்ட் டப்பாவைச் சொன்னேன், உரம் போனவரைச் சொன்னேன், உங்கள் எண்ணை நம்பி ஊரே ஏமாந்தது என்றேன். பக்கத்து வீட்டில் ஒரு அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவர் மறுத்துப் பேசவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "தப்புதான் மேடம்" என்றார். "அந்த ஆளு ஒரம் போனது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா செய்ய மாட்டேன்."

"எதுக்குச் செஞ்சீங்க?"

வேலிக்குள் கைவிட்டு மானியின் புனலை ஒருமுறை துடைத்தார். "நீங்க சாயங்காலம் பத்துன்னு போடுவீங்க. காத்தால பாத்தா நாப்பது நிக்கும். சொல்லலாம்னுதான் போன் போடுவேன். நீங்க எடுத்ததும் கொரலு ஒரு மாதிரி இருக்கும். சாப்புடலன்னுவீங்க, தூங்கலன்னுவீங்க. அந்த நேரத்துல போயி நாப்பதுன்னு எப்டி மேடம் சொல்றது? ஒங்க கணக்கு தப்பாப் போச்சின்னா இன்னும் ஜாஸ்தி கஷ்டப்படுவீங்க. அதான் கொறச்சி சொல்லிட்டேன்."

முதலில் எண்ணைச் சொல்லிவிட்டு அப்புறம் நலம் விசாரிக்கிற ஊராக இருந்திருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்கவே நடந்திருக்காது. என் குரலைக் கேட்ட பிறகுதான் அன்றைக்கு எவ்வளவு மழை என்று அவர் முடிவு செய்திருக்கிறார்.

"நெசமான மழ எங்கியும் போயிடல மேடம்" என்று சொல்லி உள்ளே போனார். திறந்த கதவு வழியாக உள்ளே நடுவயதுப் பெண் ஒருத்தியின் படம் தெரிந்தது, பிளாஸ்டிக் மாலை போட்டு. ஒரு நீள நோட்டை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். "ஒங்ககிட்டதான் மாத்திச் சொன்னேன். இதுல மாத்தல. நாளைக்கு யாராச்சும் கேட்டா நெசம் ஒண்ணு இருக்கணும்ல."

சிமென்ட் தளத்தில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார். தேதி, அளந்தது, மேடத்திடம் சொன்னது, குறிப்பு. முதல் நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் இருந்தது. எனக்கு வேண்டிய உண்மையான எண்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. நிரலை மறுபடியும் பழக்கிவிடலாம் என்கிற நிம்மதி முதலில் வந்தது. அப்புறம் அந்த இரண்டு கட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் படிக்கத் தொடங்கினேன். படிப்பதுதானே என் தொழில்.

எல்லா நாளும் மாறவில்லை. வாரக்கணக்கில் இரண்டு எண்களும் ஒன்றாகவே இருந்தன. என் கணிப்பு மோசமாகத் தவறிய நாட்களில்கூடச் சிலவற்றில் உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தார். தீர்ப்பு வந்த மறுநாள் மாறியிருந்தது. தீபாவளியன்று மாறியிருந்தது. எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் முழுக்க மாறியிருந்தது. மழையை அளந்த நோட்டிலேயே அவர் என்னையும் அளந்திருக்கிறார். நான் எவ்வளவு தனியாக இருந்தேன் என்று வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மில்லிமீட்டர் சுத்தமாக ஒருவர் எழுதி வைத்திருந்தார்.

கார்த்திகைப் பக்கத்தில் ஒரு வரியில் நின்றேன். அளந்தது முப்பத்தொன்று. சொன்னது பதினான்கு. குறிப்பில், மற்ற நாட்களில் 'இடி' என்றோ 'காத்து' என்றோ எழுதுகிற அதே சின்ன எழுத்தில், 'விடிகாலை நாலு மணிக்கு அவ போயிட்டா' என்று இருந்தது.

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏனென்றால் அன்று நான் நிறையப் பேசினேன். எங்கள் வீட்டிலும் இரவெல்லாம் மழை, சமையலறையில் ஒழுகிப் பருப்பு டப்பாவுக்குள் தண்ணீர் போய்விட்டது, கரண்ட் இல்லை. எட்டரைக்குப் போன் வந்ததும் அவ்வளவையும் அவர் தலையில் கொட்டினேன். யாருமே இல்லாமல் இப்படிக் கிடக்கிறேன் பாருங்கள் என்றேன். போனில் பின்னால் பேச்சுச் சத்தம் நிறையக் கேட்டது. ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், கேட்கக்கூட இல்லை. நான் முடிக்கும்வரை உம் கொட்டிக்கொண்டிருந்தார். "பருப்ப வெயில் வந்ததும் காய வச்சிடுங்க மேடம்" என்றார். அப்புறம், பதினான்கு என்றார்.

நோட்டை மூடினேன். அவர் அதற்குள் உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்திருந்தார். "சக்கர ஜாஸ்தியா போயிருக்கும், எனக்கு இன்னும் கைப்பக்குவம் வரல" என்றார். குடித்தேன். வேலையைப் பற்றி மட்டும் பேச முடிந்தது. தானாக அளக்கிற மானி ஒன்று வந்து நிற்கும், அது பாட்டுக்கு அளக்கட்டும், நோட்டை நான் எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுக்கிறேன், உங்கள் பெயரை எடுக்க விட மாட்டேன், நீங்கள் கூப்பிடுங்கள் என்றேன். சென்னையில் அதற்கு என்ன சொல்லிச் சமாளிப்பேன் என்று தெரியாமலேயே சொன்னேன்.

"கூப்புடறேன் மேடம். இனிமே உள்ளத சொல்லிடறேன்."

பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். புளியமரத்தடியில் நின்றோம். பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்ததும், இனிக் கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது என்று தோன்றியது.

"அன்னிக்கு நீங்க சொல்லியிருக்கலாமேங்க. நான் பருப்பு டப்பாவைப் பத்திப் பேசிட்டிருந்தேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. வயல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்கு எங்க ஊட்ல ஆளுங்க நெறைய இருந்தாங்க மேடம். நீங்கதான் தனியா இருந்தீங்க."

பஸ் வந்து நின்றது. ஏறினேன். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சிதம்பரம் வரைக்கும் நின்றபடியே அழுதேன். சீட்டில் இருந்த ஒரு பெண் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், நோட்டு இருந்த என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.